ஓநாயின் கடைசித் தேதியும் செந்தலை வாத்தும்

"2022 டிசம்பர் 18, ஞாயிறு, மார்கழி 3. காலை. கீழ்பென்னாத்தூர் பக்கம், தம்பி மீன் விட்டிருக்கும் ஏரி. நீர் நிரம்பி இருக்கிறது. நாமக்கோழி நிறைய. நீர்க்காகம் கரை மரங்களில். நடுநீரில் தனிக் கூட்டமாக முப்பதுக்குக் குறையாத வாத்துகள். ஆண்களுக்குத் தலை செம்பழுப்பு, மார்பு கறுப்பு, முதுகு வெளிர்சாம்பல். எல்லாம் தூங்குகின்றன. இதற்கு முன் இங்கே பார்த்ததில்லை."

அன்று நான் எழுதிவைத்த குறிப்பு இவ்வளவுதான். எனக்கு வேங்கிக்காலில் அலுவலக வேலை, தபால் பிரிவில். எங்கள் மேசைக்கு வரும் எந்தக் காகிதத்துக்கும் முதலில் தேதி முத்திரை விழ வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான். அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் என்னை விடுவதில்லை. ஒரு பறவையைப் பார்த்தால் முதலில் தேதி, பிறகு இடம், பிறகு பறவை.

வீட்டுக்கு வந்து இரண்டு நூல்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அதை போச்சார்டு என்கிறார்கள். தமிழில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் செந்தலை வாத்து என்றே எழுதிவருகிறேன். ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வருவது. நம் பக்கத்துக்கு அபூர்வமாகவே வருகிறது. உலகம் முழுதும் இன்னும் லட்சக்கணக்கில் இருக்கிறது என்றாலும், எண்ணிக்கை வேகமாகக் குறைவதைக் கண்டு, 2015இல் சிவப்புப் பட்டியலில் அழியக்கூடிய இனங்களின் பக்கம் அதை மாற்றிவிட்டார்கள்.

அந்த மாதம் நான் படித்துக்கொண்டிருந்தது வேறொரு விலங்கைப் பற்றி. தென்னமெரிக்காவின் தென்கோடிக்குக் கிழக்கே, கடலுக்கு நடுவில் ஃபாக்லாந்து என்ற தீவுகள். அங்கே ஓர் ஓநாய் இருந்தது. நரியைவிடக் கொஞ்சம் பெரியது. செம்பழுப்பு உடல், வால் நுனி வெள்ளை. அந்தத் தீவுகளின் சொந்தப் பாலூட்டி என்று நிலத்தில் இருந்தது அது ஒன்றுதான். 1876இல் கடைசியாக ஒன்றைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு இல்லை.

2015, 1876. இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரே வாரத்தில், ஒரே பக்கத்தில் எழுதினேன். ஒன்று ஆபத்து தொடங்கியதாக மனிதர்கள் ஒப்புக்கொண்ட ஆண்டு. இன்னொன்று எல்லாம் முடிந்த ஆண்டு. ஓர் ஓநாயையும் ஒரு வாத்தையும் அதற்குமேல் ஒப்பிட என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். அடுத்த ஞாயிறு தம்பி அதற்குப் பதில் சொன்னான்.

அக்காவான என்னைவிடத் தம்பி ஐந்து வயது சிறியவன். எங்கள் பங்கு நிலத்தில் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிறான். அந்த ஆண்டு முதல்முறையாக ஏரியின் மீன் குத்தகையை எடுத்திருந்தான். கறவை மாடுகள் இரண்டையும் விற்றுத்தான் குத்தகை கட்டி, கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டான். சித்திரையில் நீர் வற்றும்போது மீன் பிடிபட வேண்டும். இல்லையென்றால் மாடும் இல்லை, மீனும் இல்லை. அவன் வீட்டில் அந்த ஆறு மாதமும் எல்லாப் பேச்சும் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் கிடந்தது.

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, தாடி, நெற்றியில் சந்தனம். கையில் மட்டும் தீபாவளிக்கு வாங்கி மீந்த வெடிக் கட்டு. நீர்க்காகம் இறங்கும்போதெல்லாம் கரையிலிருந்து ஒன்றைக் கொளுத்தி எறிவான். அந்த ஞாயிறு அவன் மனைவி ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தாள். மூவரும் கரைமேல் நின்றோம். வெடிச் சத்தத்துக்கு வாத்துக் கூட்டம் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி நடுநீரிலேயே இறங்கியது.

"தூங்குதுங்க பாரு" என்றான் தம்பி. "ராத்திரி பூரா என் குஞ்ச தின்னுட்டு, பகல்ல வயிறு ரொம்பிப் படுத்துக்கீது."

"உனக்கு எப்பிடிடா தெரியும்?"

"அண்ணி, டா போடாதீங்க" என்றாள் அவன் மனைவி. "மாலை போட்டுக்கீறாரு. சாமின்னு கூப்பிடணும். நானே பதினஞ்சு வருசமா சொல்ல வேண்டியத எல்லாம் அடக்கி வச்சிக்கினு இருக்கறேன்."

"சரி. சாமி, அது மீன் தின்னத நீங்க பாத்தீங்களா?"

"முழுகுதே! தண்ணியில முழுகறது வேற எதுக்கு முழுகும்? நீர்க்காக்கா முழுகுது, மீன் திங்குது. முக்குளிப்பான் முழுகுது, மீன் திங்குது. இது மட்டும் இன்னா, தீர்த்தமாடவா வந்துச்சு?"

"நாமக்கோழிகூடத்தான் முழுகுது. அது பாசிதான திங்குது?"

"அத சின்ன வயசுல இருந்து பாத்துக்கினு இருக்கறேன். அது நம்ம ஊருது. இது எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல."

அவன் முட்டாள் இல்லை. ஏரியில் முழுகும் பறவை மீன் தின்னும் என்பது அவன் வயிற்றுப்பாட்டோடு சேர்த்துக் கற்ற விதி. முக்கால்வாசி நேரம் அது சரியாகவும் இருக்கும். மேலே மிதந்து தலையை மட்டும் கவிழ்த்து மேயும் வாத்துகளை அவன் ஒருநாளும் விரட்டியதில்லை. முழுகும் வாத்தை இந்த ஏரியில் அவன் பார்த்தது இதுவே முதல்முறை. அதனால் அதை வாத்துகளோடு சேர்க்காமல் நீர்க்காகத்தோடு சேர்த்துவிட்டான். பகலில் வெடிக்குப் பயந்து ஓடாதது, இரவில் எங்கே மேய்கிறது என்று தெரியாதது, இரண்டும் சேர்ந்து அவன் மனதில் அதைத் திருடனாக்கியிருந்தன.

"மலைக்குப் போயிட்டு வந்து மாலை கழட்டினதும் வல கட்டப் போறேன்" என்றான். "நரம்பு வல ஒண்ணு கீது. நடுவுல நிறுத்தி வச்சா முழுகறதெல்லாம் மாட்டும்."

"இப்பவே கட்டறதுதான?" என்றாள் அவன் மனைவி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"மாலையோட உசுரு எடுக்கச் சொல்றியா?"

"ஓ. கழட்டிட்டா பரவால்ல."

நரம்பு வலை என்பது மெல்லிய நைலான் வலை. நீருக்குள் சுவர்போல நிற்கும்; கண்ணுக்குத் தெரியாது. முழுகும் பறவை அதில் சிக்கினால் மேலே வர முடியாது. மூச்சு முட்டிச் சாகும்.

அந்த வாத்தைப் பிடிப்பது சட்டப்படி தவறு என்று சொன்னேன். சட்டம் வந்து மீன் குஞ்சு வாங்கித் தருமா என்று கேட்டான். ஐரோப்பாவில் மீன் வளர்க்கும் குளங்களிலேயே இந்த வாத்துகள் கூடு கட்டுகின்றன, அங்கே யாரும் இதை மீன் திருடன் என்று விரட்டுவதாக நான் படித்ததில்லை என்றேன். "அப்போ அங்கயே இருக்கச் சொல்லு" என்றான். வேறு வழி தெரியாமல்தான் ஓநாயின் கதையை எடுத்தேன்.

அது மனிதர்களைக் கண்டு பயப்படாத விலங்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவர்கள் படகிலிருந்து இறங்கும்போது, யார் வருகிறார்கள் என்று பார்க்கத் தண்ணீருக்குள்ளேயே இறங்கி எதிரே வருமாம். வந்தவர்கள்தான் பயந்தார்கள். பிறகு பயம் தெளிந்து, ஒரு கையில் இறைச்சித் துண்டை நீட்டி, மறு கையில் கத்தியை வைத்துக்கொண்டு கொன்றார்கள். தோலுக்காகக் கொன்றார்கள். 1834இல் அங்கே போன ஓர் இயற்கை ஆய்வாளர், இது சீக்கிரமே இல்லாமல் போய்விடும் என்று எழுதிவிட்டு வந்தார். அப்போது அது உயிரோடு இருந்தது. பிறகு ஆடு வளர்ப்பவர்கள் குடியேறினார்கள். ஆட்டைக் கடித்து ரத்தம் குடிக்கிறது என்று பேச்சு பரவியது. விஷம் வைத்தார்கள். அந்த ஆய்வாளர் சொல்லி ஐம்பது வருடம் ஆவதற்குள் முடிந்தது.

தம்பி கடைசிவரை கேட்டான். காப்பியைக் குடித்து முடித்தான்.

"ஆட்ட கடிச்சிச்சா, கடிக்கலயா?"

"தெரியல."

"இன்னாக்கா, இவ்ளோ பொஸ்தகம் படிக்கற, தெரியலன்ற?"

"கொஞ்சம் கடிச்சிருக்கலாம். அது உயிரோட இருந்தப்போ அது இன்னா திங்குதுன்னு யாரும் உக்காந்து பாத்து எழுதல. இப்ப காட்சிசாலைங்கள்ல தோலும் மண்டையோடும் கொஞ்சம் கீது. அதுங்கள வச்சிக் கேக்க முடியாது."

"அப்போ கடிச்சிருக்கும். ஆடு வச்சிருந்தவன் சும்மாவா சொல்வான்?"

அவன் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. அந்தத் தீவில் ஆடு வைத்திருந்தவன் என் தம்பியைப் போன்ற ஒருவனாகத்தான் இருந்திருப்பான். கடல் தாண்டி வந்தவன். ஒரு மந்தைமேல் எல்லாவற்றையும் வைத்தவன். அவனிடம் போய் யாராவது, இது இந்தத் தீவில் மட்டுமே இருக்கும் உயிர் என்று சொல்லியிருந்தால், என் ஆடும் எனக்கு அது ஒன்றுதான் என்றிருப்பான்.

பஸ்ஸில் திரும்பும்போது வித்தியாசங்களை யோசித்துக்கொண்டே வந்தேன். ஓநாய் மனிதனை நோக்கி நடந்து வந்தது, அதனால் செத்தது. செந்தலை வாத்து மனிதனிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் விலகி, ஏரியின் நட்டநடுவில் படுத்திருக்கிறது. அதையே அதற்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓநாய்க்கு இருந்தது ஒரே இடம். அதனால் அதன் முடிவுக்கும் ஓர் இடமும் ஓர் ஆண்டும் எழுத முடிந்தது. வாத்துக்குப் பாதி உலகம் இருக்கிறது. அதற்கு ஒரு முடிவு வந்தால், ஓர் ஏரியில் ஓர் ஆண்டு, வேறோர் ஏரியில் வேறோர் ஆண்டு என்று, யாரும் குறித்து வைக்காத வருடங்களாகத்தான் வரும். வராத பறவைக்கு முத்திரை வைக்க எந்தத் தபால் பிரிவும் இல்லை.

மலைக்குப் போய்த் திரும்ப அவனுக்குத் தை பிறந்துவிடும். அதுவரை வலை இறங்காது. அந்த நாட்களுக்குள் அந்த வாத்து என்ன தின்கிறது என்று தெரிந்துகொள்வதே என் வேலையாயிற்று.

முதலில் புத்தகம். நீர்ச்செடிகள், அவற்றின் கிழங்கு, விதை, நத்தை, பூச்சி என்று இரண்டு நூல்களும் சொல்லின. ஒரு நூலில் மட்டும் கடைசியில் ஒரு வரி: எப்போதாவது சிறு மீன்களும். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எப்போதாவது என்றால் எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு என்று இல்லை.

பிறகு ஏரி. ஜனவரி 6 பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் அன்றும் மறுநாளும் பஸ்ஸில் ஏறவே முடியவில்லை. 8ஆம் தேதி ஞாயிறு போனேன். தம்பி மலைக்குப் போக இன்னும் சில நாள் இருந்தது. பொழுது சாயும் வரை கரையில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் குறையத் தொடங்கியதும் வாத்துகள் ஒவ்வொன்றாக விழித்தன. ஒரு சிறிய எம்பல், பிறகு தண்ணீர் மூடிக்கொள்ளும். மேலே வந்தபோது ஒரு பெண் வாத்தின் அலகில் பச்சை நார் தொங்குவதைத் தொலைநோக்கியில் தெளிவாகப் பார்த்தேன். இன்னொன்றிலும் பார்த்தேன். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாசி" என்றான். "பாசியிலதான் குஞ்சு ஒட்டிக்கினு இருக்கும். பாசியோட சேத்து முழுங்குது."

அப்போது புத்தகத்தில் இருந்த அந்தக் கடைசி வரியையும் சொன்னேன். அதை மறைத்தால் நான் சொன்ன மற்றதையும் அவன் நம்ப வேண்டியதில்லை.

"பாத்தியா" என்றான். குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "நீயே சொல்ற. எப்பவாவதுன்றது என் ஏரியில தினம் நடந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

அவன் மனைவி என் தொலைநோக்கியை வாங்கி வாத்துகளைப் பார்த்தாள்.

"ஒரு வழி கீது" என்றான் தம்பி. "ஒண்ணே ஒண்ணு புடிக்கறேன். அறுத்து வயித்துக்குள்ள பாத்துட்டா தெரிஞ்சிடும். மீன் இருந்துச்சுன்னா வல கட்டுவேன். இல்லாட்டி விட்டுடறேன். நீயும் கூட இரு."

நான் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றால் என்ன செய்யலாம் என்று கேட்டான். உயிரோடு இருக்கும்போது யாரும் பார்த்து எழுதாத ஓநாயை நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றித் தெரிந்த கொஞ்சமும் கொன்ற பிறகு தெரிந்ததுதான். இங்கே ஒருவன் நேர்மையாகத் தெரிந்துகொள்ள நினைக்கிறான், அதற்கும் கொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

தை பிறந்து மலையிலிருந்து வந்தான். மாலை கழற்றினான். தை அமாவாசை கழியட்டும் என்று காத்திருந்தான். 25ஆம் தேதி மாலை வலையை இறக்கிவிட்டதாக அவன் மனைவி போனில் சொன்னாள். "ஒரே ஒரு ராத்திரிதான்னு சொல்லிக்கீறாரு, அண்ணி. வாங்க."

2023 ஜனவரி 26, வியாழன், தை 12. விடுமுறை. அலுவலகத்தில் கொடியேற்றத்துக்கு நிற்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நான் போனபோது தம்பி தெர்மாகோல் தெப்பத்தில் நடு ஏரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். வலையில் இரண்டு நாமக்கோழிகளும் ஒரு வாத்தும். மூன்றும் செத்திருந்தன. வாத்து பெண், பழுப்பு நிறம், கண்ணைச் சுற்றி வெளிறிய கோடு. தொலைநோக்கியில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. கால்கள் உடம்பின் பின்பக்கம் தள்ளி இருந்தன, முழுகுவதற்காக. கரையில் வைத்ததும் இறக்கையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

தம்பி நாமக்கோழிகளைத்தான் முதலில் பார்த்தான். "இதுங்க எதுக்கு மாட்டுச்சு" என்று யாரிடமோ கேட்பதுபோல் சொன்னான்.

அவன் மனைவிதான் கத்தி எடுத்தாள். கோழி அறுத்துப் பழகிய கை. இரைப்பையைத் திறந்து, ஒரு பேசினில் தண்ணீர் விட்டு அலசினாள். பச்சைக் குழைவு. கூழாங்கல் பொடி. கறுப்பு விதைகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. உடைந்த நத்தை ஓடு. மீன் இல்லை. மறுபடி அலசினாள். அடியில் ஒரு வெள்ளைத் துணுக்கு, நகத்தின் அகலத்தில் பாதி நீளம் இருக்கும். ஒரு முனை கூர்மை, மறு முனை உடைந்திருந்தது.

"முள்ளு" என்றான் தம்பி.

"வேரு" என்றாள் அவள். "காஞ்ச வேரு."

"வேரு இவ்ளோ வெள்ளையா இருக்குமா?"

"முள்ளுன்னா வளையும். இது வளையல பாருங்க. நெத்திலி ஆயற எனக்குத் தெரியாதா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. நத்தை ஓட்டின் விளிம்பாகக்கூட இருக்கலாம் என்றேன்.

தம்பி அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பேசினில் இருந்த பச்சையைப் பார்த்தான். கிராம சபைக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவன் போகவில்லை. பறவைகளைக் கரைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தான். வலையைச் சுருட்டினான். சுருட்டும்போதே, "இது இன்னான்னு விசாரிச்சுச் சொல்லு. தெரியற வரைக்கும் வல வேணாம்" என்றான்.

சித்திரையில் மீன் பிடித்தார்கள். சிலர் நல்ல எடை என்றார்கள், சிலர் கம்மி என்றார்கள். முதல் வருடக் குத்தகை என்பதால் எதோடும் ஒப்பிட அவனிடம் எதுவும் இல்லை. மறுபடி ஒரு மாடு வாங்கினான். குத்தகையையும் விடவில்லை.

துணுக்கை ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தேன். விலங்கியல் படித்த அலுவலகத் தோழி ஒருத்தி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மீனின் விலா எலும்பாக இருக்கலாம், நீர்ச்செடியின் காய்ந்த தண்டாகவும் இருக்கலாம், நுண்ணோக்கியில் தெரிந்தவர் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றாள். நீர்வாழ் உயிர்களில் வேலை செய்யும் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். படத்தை வைத்துச் சொல்ல இயலாது, பொருளை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினேன். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டியிருக்கிறேன்.

அடுத்த மார்கழியில் செந்தலை வாத்துகள் மறுபடி வந்தன, முன்பைவிடக் குறைவாக. தம்பி மாலை போட்டிருந்தான். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் கேட்டது அதுதான்.

"தெரிஞ்சுதாக்கா?"

"இன்னும் இல்ல, சாமி."

"சரி" என்று நீர்க்காகத்துக்கு ஒரு வெடியைக் கொளுத்தினான். அவன் மனைவி இப்போது அவனை, வாத்துகள் இருக்கும் பக்கத்தை விட்டுக் கரையின் மறுகோடியில் நின்று வெடி போடச் சொல்லியிருக்கிறாள்.

இதை எழுதி முடித்ததும் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். "போட்டுக்கோ. ஆனா வல ஒரு ராத்திரிதான் போட்டேன்னு எழுது" என்றான். எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் வாத்தின் இரைப்பையில் இருந்த வெள்ளைத் துணுக்கு மீன் முள்தானா என்பது இந்தத் தேதிவரை உறுதி செய்யப்படவில்லை.